தழும்பின் தவணை

காயம்பட்ட உள்ளம் ஆறுவதற்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம்? தீங்குக்கு ஆளானவரிடம் சென்று, "உடனே மன்னித்துவிடு" என்று வற்புறுத்த நமக்கு உரிமை உண்டா? "மன்னித்துவிட்டேன்" என்று நாவு மொழிந்த பின்னரும் நெஞ்சின் ஓரத்தில் ஏதோ ஒன்று இறுகிக் கிடக்கின்றதே, அது ஈமானின் குறைபாடா? இவை பழங்கேள்விகள், ஆயினும் ஓய்ந்துபோன கேள்விகள் அல்ல. நிக்காஹ் சபையிலும், ஜனாஸா வீட்டிலும், பெருநாள் காலையிலும் நம் குடும்பங்கள் இவற்றைச் சந்தித்துக்கொண்டே இருக்கின்றன.

இக்கேள்விகளை நெடுநாளாகச் சுமந்து வந்த நமக்கு, ஒரு சிறு மீனின் இதயத்தைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்து எழுதியவை பெரிதும் சிந்தனையைத் தூண்டின. மீனுக்கும் மன்னிப்புக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். முதலில் மீனின் கதையைச் சொல்லிவிடுகிறோம்; தொடர்பு தானே விளங்கும்.

கங்கைச் சமவெளியின் மீன்

கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகள் பாயும் நிலப்பரப்பில், ஓடைகளிலும் நெல்வயல்களில் தேங்கும் நீரிலும் வாழ்வது வரிக்குதிரை மீன். மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. உடல் நெடுக ஓடும் நீலக் கோடுகளால் அதற்கு அப்பெயர் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைக் குறித்து 1822-ல் வெளியிட்ட நூலில்தான் இம்மீன் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் கண்ணாடித் தொட்டிகளில் இது வளர்க்கப்படுகின்றது.

2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கென்னத் பாஸ், லிண்ட்சே வில்சன், மார்க் கீட்டிங் ஆகிய மூவர் இம்மீனின் இதயக் கீழறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வெட்டி நீக்கினார்கள். மீன் சாகவில்லை. வெட்டிய இடத்தை உறைந்த இரத்தம் அடைத்தது. இரண்டு மாதங்களில் இழந்த தசை முழுவதும் மீண்டும் வளர்ந்துவிட்டது! அவ்விதயம் துடித்துக்கொண்டே தன்னைக் கட்டிக்கொண்டது.

மனித இதயத்திற்கு இவ்வாற்றல் இல்லை. கடுமையான மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி அளவுக்குத் தசையணுக்கள் மடிந்துபோகலாம். அவற்றின் இடத்தைப் புதுத் தசை நிரப்புவதில்லை, தழும்பே நிரப்புகின்றது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரியின் அடையாளத்தைக் கொண்டு அவர்கள் மனித இதய அணுக்களின் வயதை அளந்தார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, எழுபத்தைந்து வயதில் நூற்றில் அரை பங்கினும் குறைவு. இவ்வளவே நம் இதயத் தசையணுக்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பெருங்காயத்தை ஆற்ற இது போதவே போதாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் எளிதாக ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்: "மீனின் இதயம் தழும்பு கொள்வதில்லை, ஆகவே வளர்கின்றது, மனித இதயம் தழும்பு கொள்கின்றது, ஆகவே வளர்வதில்லை. தழும்பே பகை." நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அடுத்து வந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் திருத்தின.

தழும்பு பகையா, துணையா?

மாரடைப்பில் தசை வெட்டப்படுவதில்லை. உள்ளே இருந்தவாறே மடிகின்றது. ஆகவே 2011-ல் ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வுக் குழுக்கள், கத்திக்குப் பதிலாகக் கடுங்குளிரைப் பயன்படுத்தின. திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய நுண்ணிய உலோக முனையை மீனின் இதயத்தில் வைத்தபோது, கீழறையின் ஏறக்குறைய கால் பங்குத் தசை அங்கேயே மடிந்தது. பிறகு நிகழ்ந்தது என்ன? மீனின் இதயத்திலும் தழும்பு உண்டாயிற்று! நம் இதயத்தில் படிகின்ற அதே கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் அங்கும் திரண்டு படிந்தது. ஆனால் அது நிலைத்து நிற்கவில்லை. ஓரத்திலிருந்து புதிய தசை வளர வளர, தழும்பு சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. ஸ்பெயின் நாட்டு ஆய்வில், ஏறத்தாழ 130 நாள்களில் அது பெரும்பாலும் கரைந்துவிட்டது.

அப்படியானால், தழும்பே உண்டாகாதபடி தடுத்துவிட்டால் இதயம் இன்னும் விரைவாக வளருமல்லவா? சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் நகர ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். தழும்பு போடுமாறு அணுக்களுக்குக் கட்டளையிடும் வேதிச் செய்தி ஒன்று உண்டு, டி.ஜி.எஃப். பீட்டா என்பது அதன் பெயர். அச்செய்தி சென்றுசேராதவாறு மருந்தால் தடுத்தார்கள். தழும்பு சரிவர உண்டாகவில்லை. அவர்கள் நினைத்தது நடந்தது. ஆனால் புதிய தசையும் வளரவில்லை! தழும்பு போடுமாறு ஏவுகின்ற அதே செய்திதான், தசையணுக்கள் பெருகுவதற்கும் வேண்டியிருந்தது.

2018-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. கொல்லாஜன் நாரை உண்டாக்குகின்ற அணுக்களையே மீனின் இதயத்திலிருந்து பெருமளவு நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் தசையணுக்களின் பெருக்கம் குன்றிப்போயிற்று. நார் நூற்ற அவ்வணுக்கள் புதுத் தசைக்குத் தடையாக அல்ல, துணையாகவே நின்றிருக்கின்றன. பணி முடிந்ததும் அவை யாவும் அழிந்துவிடுவதுமில்லை. ஒரு பகுதி மறைகின்றது. எஞ்சியவை நூற்பதை நிறுத்தி அடங்கி அமர்கின்றன. ஆகவே தழும்பை உண்டாக்கும் அணுக்களை ஒழிப்பதைவிட, அவற்றை உரிய வேளையில் ஓயச் செய்வதே பயன்தரும் மருத்துவமாகலாம் என்று அவ்வாய்வாளர்கள் எழுதினார்கள். இவ்வரியைப் படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டோம்.

காலமும் இங்கே முக்கியமாகின்றது. ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் மெடாக்கா என்னும் மீனும் உருவில் சிறியதே. ஆனால் அதன் இதயம் காயமுற்றால் புதுப்பிக்கப்படுவதில்லை, தழும்பு தங்கிவிடுகின்றது. ஏன்? ஜெர்மனியில் இரு மீன்களையும் ஒப்பிட்டு 2017-ல் ஒரு விடை கண்டார்கள். காயத்தில் கிடக்கும் சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்யும் காவலணுக்கள் வரிக்குதிரை மீனில் விரைந்து வருகின்றன. மெடாக்காவில் அவை தாமதித்தும் குறைவாகவும் வருகின்றன. வரிக்குதிரை மீனிலேயே அக்காவலணுக்களின் வருகையைச் சில நாள் தாமதப்படுத்தியபோது, பின்னர் அவை வந்து சேர்ந்தும் இதயம் முன்போல் புதுப்பிக்கப்படவில்லை. மெடாக்காவில் அவற்றை விரைந்து வருமாறு தூண்டியபோதோ, அதன் இதயமும் ஓரளவு புதுப்பிக்கப்பட்டது.

ஆக, நாம் கற்றது இதுதான்: தழும்பு கொள்ளாத இதயம் மேலான இதயமன்று. தழும்பு ஒரு தவணைக்கு வந்த அருள். கேடு அதன் வருகையில் இல்லை. தவணை தீர்ந்த பின்னும் தங்கிவிடுவதில் இருக்கின்றது.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்குத் திருமறை விதித்துள்ள இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். பிறைக் கணக்கில் அது ஏறத்தாழ 128 நாள். மீனின் தழும்பு கரைய 130 நாள் என்று கேட்டவுடன் இரண்டையும் முடிச்சுப் போட்டு மேடையேறுவோர் நம்மிடையே உண்டு. நாம் அதனைச் செய்யமாட்டோம். வெட்டுக் காயம் இரண்டு மாதத்தில் ஆறியதை மேலே கண்டோம். காயத்தின் வகைக்கு ஏற்ப நாள் கூடும், குறையும். இறைவேதத்திற்கு மீன் சாட்சி சொல்லத் தேவையில்லை. மீனின் செயல் மார்க்கத் தீர்ப்புக்கு ஆதாரமும் ஆகாது. மீன் தன் இயல்பால் செய்கின்றது. மனிதன் தெரிந்து, விரும்பிச் செய்ய வேண்டும். அதனாலன்றோ மனிதனுக்குக் கூலியும் கேள்வியும் உண்டு! படைப்பைக் கண்டு சிந்திப்பது வேறு, படைப்பிலிருந்து சட்டம் எடுப்பது வேறு. நாம் செய்வது முன்னதே.

கோபத்திற்கு மூன்று நாள்

சிந்தனைக்கு உரியது என்னவெனில், நம் மார்க்கமும் நெஞ்சின் காயத்திற்குத் தவணை வைத்திருக்கின்றது என்பதே. சகோதர முஸ்லிமுடன் முகம் திருப்பிப் பேசாதிருப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மூன்று நாளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. இதனை நாம் பெரும்பாலும் தடையாக மட்டுமே போதிக்கிறோம். ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் அதன் மறுபக்கத்தையும் எடுத்துக் காட்டுகின்றார்கள். மனிதன் கோபம் கொள்ளும் இயல்புடன் படைக்கப்பட்டவன். அந்த வேகம் தணிவதற்காகவே மூன்று நாள் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்று அறிஞர்கள் கருதினார்கள் என்கிறார்கள். "கோபமே வரக்கூடாது" என்று மார்க்கம் கூறவில்லை. வரட்டும், ஆனால் குடியிருக்க வேண்டாம் என்கின்றது.

ஃபிக்ஹு நூல்களில் 'ஜபீரா' என்றொரு பாடம் உண்டு. முறிந்த எலும்புக்குக் கட்டும் பத்தையும் துணியும் ஜபீரா எனப்படும். கட்டுப் போட்டிருப்பவன் ஒளூச் செய்யும்போது அதன்மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். மத்ஹபுகளிடையே நுணுக்கங்களில் வேறுபாடு உண்டெனினும், அடிப்படைகள் தெளிவானவை. கட்டு தேவைக்கு மேல் நல்ல தோலை மூடக் கூடாது. காலுறைக்கு நாள் வரம்பு இருப்பது போல் கட்டுக்கு நாள் வரம்பு இல்லை. காயம் எதுவரையோ அதுவரை. ஆறிவிட்டால் சலுகை நீங்கிவிடும். ஆறிய கையில் பழைய கட்டைச் சுமந்து திரிபவனின் தடவுதல் செல்லாது. ஆறாத கையின் கட்டை அவிழ்க்குமாறு எவரும் கட்டளையிடவும் இயலாது.

இப்பாடத்தை நாம் எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்தினோம். அதன் பொருள் முழுவதையும் அறிந்து நடத்தினோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

நாம் செய்த பிழை

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, ஓர் இல்லத்தில் சமாதானம் பேச நாமும் அழைக்கப்பட்டோம். தந்தை மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சகோதரர்கள் வீட்டையும் நிலத்தையும் தம்முள் பிரித்துக்கொண்டார்கள். உடன்பிறந்த ஒரே சகோதரிக்குத் திருமறை வகுத்த பங்கு கொடுக்கப்படவில்லை. அந்த அம்மையார் தாய்வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். "பெருநாள் வருகிறது, இரத்த உறவை முறிப்பது பாவம்" என்று நாம் நெடுநேரம் எடுத்துரைத்தோம். அவரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சகோதரர்களுக்குச் சலாம் சொன்னார். கூடியிருந்தோர் மகிழ்ந்தார்கள். துஆ ஓதினோம். தேநீர் வந்தது.

நாம் எழுந்து புறப்படும்போது, அந்த அம்மையார் திரைக்குப் பின்னிருந்து கேட்டார்: "சலாம் சொல்லிவிட்டேன் ஹஜ்ரத். என் பங்கை எப்போது பேசுவீர்கள்?"

நாம் விடை சொல்லவில்லை. "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் கூறி வெளியேறினோம். அந்தச் சொல்லை, வாக்குறுதியாக அன்றித் தப்பிக்கும் வழியாக நாம் பயன்படுத்திய வேளைகளுள் அது ஒன்று. அல்லாஹ் நம்மைப் பொறுத்தருள்வானாக.

இப்போது விளங்குகின்றது: அன்று நாம் ஆறாத காயத்தின் கட்டை அவிழ்த்தோம். மாரடைப்பு வந்த முதல் நாள்களில், தழும்பு உறுதிப்படுமுன் இதயச் சுவர் கிழிந்துபோவதுண்டு. மருத்துவர்கள் பெரிதும் அஞ்சும் விபத்து அது. அந்த அம்மையாரின் விலகல் அவர் இதயத்தைக் கிழியாமல் பிடித்திருந்த தழும்பு. அதன் அடியில் புதுத் தசை வளர ஒரு வழியும் செய்யாமல், தழும்பை மட்டும் நீக்குமாறு கேட்டோம். மீனின் தழும்பை வெளியிலிருந்து எவரும் பிய்த்தெறிவதில்லை. காயத்தின் ஓரத்தில் உயிரோடு எஞ்சியுள்ள தசையணுக்கள், தம் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, பெருகி, உள்ளே வருகின்றன. அவை வந்த அளவுக்கே தழும்பு இடம் விடுகின்றது. மனிதரிடையே அந்தப் புதுத் தசை எது? பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது, செய்ததை ஒப்புக்கொள்வது, மீண்டும் செய்யாதிருப்பது. இவை வளராத இடத்தில் மன்னிப்பை மட்டும் கேட்பவன், சமாதானம் செய்பவன் அல்லன். அநீதிக்குப் போர்வை போர்த்துபவன்.

அரபுமொழியில் தழும்புக்கு 'நதப்' என்று ஒரு சொல் உண்டு. அதே மூன்று எழுத்துகளில் இறந்தோரை எண்ணிப் புலம்புவதைக் குறிக்கும் 'நத்பு' வருகின்றது. கட்டாயமன்று, ஆயின் செய்தால் நன்மை என்று சட்ட அறிஞர்கள் கூறும் செயலுக்கு 'மந்தூப்' என்று பெயர். அதுவும் அவ்வெழுத்துகளிலேயே அமைந்தது. இவை ஒரே வேரில் பிறந்தவை என்று நாம் வாதிடவில்லை. அகராதி அறிஞர்கள் இவற்றை வெவ்வேறாகவே வைத்திருக்கின்றார்கள். எனினும் அருகருகே வைத்துப் பார்க்கையில் உண்மையொன்று நினைவுக்கு வருகின்றது. தன் உரிமையை விட்டுக்கொடுத்து மன்னிப்பது மந்தூப், வாஜிப் அன்று. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதோ வாஜிப். நாம் அன்று அந்தச் சபையில் வாஜிபை விட்டுவிட்டு, மந்தூபை வாஜிபாக்கினோம்.

சில ஆண்டுகளுக்குப் பின் மூத்த சகோதரர், ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன், தம்பியரையும் இசையச் செய்து சகோதரியின் பங்கை எழுதிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். அதன் பிறகு அந்த அம்மையார் தாய்வீட்டுக்கு வரத் தொடங்கினாராம். முதலில் ஜனாஸாவுக்கு வந்தார், பிறகு கல்யாணத்துக்கு, அதன் பிறகு காரணமே இல்லாமல்.

எஞ்சி நிற்கும் சுவடு

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நீதியாகாது. பறித்தவன் திருப்பிக் கொடுத்து, கண்ணீருடன் வந்து நின்ற பின்னரும், தழும்பை ஒரு சொத்துபோல் காத்து வைத்திருப்போர் உண்டு. தந்தையின் பகையைப் பிள்ளைக்கு ஊட்டி வளர்க்கின்ற இல்லங்கள் உண்டு. நார் நூற்கும் அணுக்கள் ஓய மறுத்தால், காத்த தழும்பே கல்லாகிவிடும். இதயம் விரிந்து சுருங்க இயலாமல் தளரும். ஆறிய கையில் கட்டைச் சுமப்பவன், ஒருநாள் அந்தக் கையே தனக்கு உதவாது போனதைக் காண்பான்.

ஆனால் ஆறுதல் என்பது சுவடே இல்லாமல் போவதன்று. வரிக்குதிரை மீனின் ஆறிய இதயத்தை ஒலியலைகளால் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2014-ல் ஒன்றைக் குறித்தார்கள். இரத்தத்தை வெளித்தள்ளும் ஆற்றல் திரும்பிவிட்டது; ஆயினும் காயமுற்ற இடத்தில் சுவரின் அசைவு ஓரளவே மீண்டிருந்தது. வேலை நிறைவாக நடக்கின்றது, நினைவும் இருக்கின்றது.

இங்கே நம் நெஞ்சு வஹ்ஷீ (ரலி) அவர்களிடம் செல்கின்றது. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுக் களத்தில், விடுதலைக்கு ஆசைப்பட்டு, நபிகளாரின் அன்புக்குரிய சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்ற அடிமை அவர். மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவி வந்து நின்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை ஏற்றார்கள், பழிவாங்கவில்லை, அவருடைய உரிமை எதையும் குறைக்கவில்லை. ஆயினும், தம் கண்ணில் படாதவாறு முகத்தை மறைத்துக்கொள்ள இயலுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். உலகிற்கு அருட்கொடையாக வந்த அந்த இதயத்திலும் ஹம்ஸாவின் இழப்பு ஓர் இடத்தைப் பிடித்திருந்தது. அதை மறைத்து நடிக்குமாறு மார்க்கம் அவர்களைக் கேட்கவில்லை. அப்படியிருக்க, மன்னித்த பின்னும் நெஞ்சோரம் வலிக்கின்றதே என்று கலங்கும் ஒரு தாயிடம், "உன் மன்னிப்பு பொய்" என்று கூற நாம் யார்?

இனி, தீங்கு செய்தவன் திருப்பிக் கொடுக்காமலே இறந்துபோனால்? ஒப்புக்கொள்ளாமலே ஊரைவிட்டுச் சென்றுவிட்டால்? அங்கே புதுத் தசைக்கு வழியில்லை. அத்தகைய நெஞ்சு மீனின் இதயம் அன்று, மனித இதயம். அது தழும்புடனேயே வாழ வேண்டியிருக்கலாம். ஆனால் தழும்பைச் சுமந்த மனித இதயங்கள் எத்தனையோ ஆண்டுகள் துடித்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளைத் தூக்கி, தஹஜ்ஜுத் தொழுது வாழ்கின்றன அல்லவா? அந்தத் தழும்பும் இழிவன்று. அதன் கணக்கு மறுமையில் தீர்க்கப்படும்.

வரும் பெருநாளுக்கு முந்திய இரவிலும் ஏதோ ஓர் இல்லத்தில் சமாதானம் பேச நம்மில் ஒருவர் அழைக்கப்படலாம். அங்கே முதலில் பத்திரத்தைக் கேட்போம். கைகொடுக்கச் சொல்வது பிறகு இருக்கட்டும். காயப்பட்டவரிடம் காலத்தைக் கொடுப்போம். காயப்படுத்தியவரிடம் காலத்தைக் கொடுக்காதிருப்போம். முன்னவருக்குப் பொறுமை மருந்து. பின்னவருக்கோ விரைவே மருந்து.

உடைந்ததைப் பொருத்துபவன் என்ற பொருளும் 'ஜப்பார்' என்னும் திருநாமத்திற்கு உண்டென்று அறிஞர்கள் விளக்கியிருக்கின்றார்கள். ஒரு விரல் நீள மீனின் நெஞ்சில் தழும்பை வைத்து, அதற்கொரு தவணையையும் வைத்த வல்ல நாயன், நம் நெஞ்சங்களின் காயங்களுக்கும் அவற்றின் தவணையை அறிவித்துத் தருவானாக. அத்தவணை தீரும் நாளில் கட்டை அவிழ்க்கும் துணிவையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.